உங்களைத்தான் தேடுகிறார்கள்

ஆறுமுகநேரியிலும் சுற்று வட்டாரத்திலும் குடியை விட்டு வாழ்ந்துகொண்டிருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,



குடிக்கிறவர்களுக்குப் புத்தி சொல்ல நம் ஊரில் ஆள் பஞ்சம் கிடையாது. மதுக்கடைகளை மூடச் சொல்லி அரசுக்கு எழுதவும் ஆட்கள் இருக்கிறார்கள். எழுதட்டும், அதுவும் தேவைதான். நான் இந்த மடலை எழுதுவது உங்களுக்கு. ஒரு காலத்தில் குடித்துக் கெட்டு, பிறகு விட்டு, இன்றைக்குக் குடிக்காமல் வேலைக்குப் போய் வீடு திரும்பும் உங்களுக்கு. நீங்கள் யார் யாரென்று எனக்கு முழுக்கத் தெரியாது. ஆனால் இருக்கிறீர்கள். சாகுபுரம் ஆலைக்கு ஷிஃப்ட் போகிறவர்களில் இருக்கிறீர்கள். விடியுமுன் உப்பளத்தில் இறங்குகிறவர்களில், பஜாரில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களில், புன்னைக்காயலில் வலை பிரிக்கிறவர்களில், ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பார்க்கிறவர்களில் இருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கூட்டாளிகள் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். நீங்கள் மட்டும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அதை வைத்துத்தான் சிலரை நான் அடையாளம் கண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு சாயங்காலம், ஒரு மணி நேரம், நம் ஊரில் ஓர் அறையில் நீங்கள் வந்து உட்கார வேண்டும். இரண்டு பேர் போதும். எதற்காக என்று சொல்கிறேன்.

என் தம்பிக்காக நான் ஒரு கூட்டம் தேடினேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்கிறார்களே, குடியிலிருந்து மீள நினைக்கிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் கூட்டம், அது. தம்பி மருத்துவமனையில் கிடந்து எழுந்து வந்திருந்தான். உடம்பு தேறியிருந்தது. கை நடுக்கம் நின்றிருந்தது. "மாத்திரை மட்டும் போதாதும்மா, இவரைக் கூட்டத்துக்கு விடாமல் அனுப்புங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கே நடக்கிறது, யாரைக் கேட்பது?

மதுக்கடைக்கு வழி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிற கடை எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். குடியை விட நினைக்கிறவன் போக வேண்டிய இடத்தைக் கேட்டால்தான் சங்கடம். "யாருக்கு?" என்று ஒரு கேள்வி உடனே திரும்பி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து மருந்துக் கடையில் கேட்காமல் வந்தேன். தெரிந்த ஆசிரியர்களிடமும் கேட்கவில்லை, தம்பி மகள் அவர்கள் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். சொந்தக்காரர்களிடம் கேட்கவே முடியாது. கேட்ட அன்று சாயங்காலமே அது குரும்பூர் வரைக்கும் போய்விடும். கடைசியில் அந்த விவரம் எனக்குக் கிடைத்தது ஒரு மனிதரிடமிருந்து. தம்பி படுத்திருந்த வார்டில், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். உறவு இல்லை, நட்பும் இல்லை. அவரும் குடித்து விட்டவர். விட்டவர்கள் இப்படி வார்டுக்கு வந்து, குடித்துப் படுத்திருப்பவர்களிடம் பேசிவிட்டுப் போவது அவர்கள் வழக்கமாம். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த முகவரிதான் எங்களுக்கு வழி காட்டியது.

அந்தக் கூட்டம் வேறு ஊரில். இரண்டு பேருந்து மாற வேண்டும். முடியும்போது இருட்டிவிடும். காலை மூன்று, நான்கு மணிக்கு அளத்துக்குக் கிளம்புகிறவன் ராத்திரி பத்துக்கு மேல் வீடு வந்து சேர்ந்தால் எப்போது தூங்குவது? ஆலைக்காரருக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கடலுக்குப் போகிறவருக்குக் காற்றும் மீனும்தான் நேரம். அதோடு, குடியை விட்ட புதிதில் ஓர் ஆள் பேருந்து நிலையத்தில் தனியாக முக்கால் மணி நேரம் நிற்பது எவ்வளவு பெரிய சோதனை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த நிலையத்தைச் சுற்றி என்ன கடை இருக்கிறது என்பதும் தெரியும். தூத்துக்குடி நம்மிடமிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். குடியை விட்டுச் சில நாளே ஆனவனுக்கு அந்தத் தூரம் போய்த் திரும்புவது சாதாரணம் அல்ல.

குடும்பத்தாரும் வரலாம் என்று அவர்கள் வைக்கும் திறந்த கூட்டம் ஒன்றுக்குத் தம்பியோடு நானும் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், தேநீர், சுவரில் குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகள் எழுதிய தாள். முதலில் கொஞ்ச நேரம் மௌனம், சின்னப் பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடவில்லை. யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. வருகைப் பதிவேடு இல்லை, சந்தா இல்லை. முடிவில் ஒரு பை சுற்றி வந்தது, முடிந்தவர்கள் போட்டார்கள். அறை வாடகைக்கும் தேநீருக்கும் அதுதான் பணம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

ஒருவர், வீட்டில் அரிசி டிரம்முக்குள் குவார்ட்டர் பாட்டிலைப் புதைத்து வைத்த கதையைச் சொன்னார். பெண்டாட்டி அரிசி அளக்கும்போது பாட்டில் தலை காட்டியதாம். தம்பி சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. எங்கள் வீட்டில் அது மாட்டுத் தீவன மூட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் அழுது சொல்லியிருக்கிறேன், அம்மா சோறு இறங்காமல் கிடந்து சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் நாங்கள் சொல்லாத எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால் அவர் சொன்னதைத் தம்பி கேட்டான். நாங்கள் வெளியில் நின்று சொன்னோம், அவர் அதற்குள்ளே இருந்துவிட்டு வந்து சொன்னார்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மருத்துவரால் முடியாதது, அக்காளால் முடியாதது, சாமியாராலும் பாதிரியாராலும் முடியாதது ஒன்று உங்களால் முடியும்.

நம் பக்கத்து ஆண்களுக்குக் குடியை நிறுத்தத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். குலசை தசராவுக்கு மாலை போட்டுவிட்டால் 48 நாள், 41 நாள், 21 நாள் என்று சொட்டு கூடத் தொடாமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர்! காளி வேடம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, முத்தாரம்மன் சந்நிதியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் அவன் வேறு மனிதன். திருச்செந்தூரில் சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடக்கிறவர்கள், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள், கடற்கரை ஊர்களில் தவக்காலம் 40 நாளும் பாட்டிலைப் பார்க்காத நம் கிறிஸ்தவ அண்ணன்மார்கள், எல்லோரும் நிறுத்திக் காட்டுகிறவர்கள்தான். அந்த நாட்களில் இந்த வட்டாரத்துப் பெண்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதற்காகவே வருஷம் முழுக்கத் திருவிழாவாக இருக்கக் கூடாதா என்று ஏங்குகிற வீடுகளை எனக்குத் தெரியும்.

விரதம் ஏன் பலிக்கிறது? பக்தி ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். மாலை போட்டவன் தனியாக இல்லை. தசரா குழு இருக்கிறது. சாயங்காலமானால் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது. கூடச் சாப்பிட, கூடப் பாட, கூடத் தூங்க ஆள் இருக்கிறது. அவன் விரதம் இருப்பது ஊருக்கே தெரியும். யாரும் "ஒரு கட்டிங் போடுல, ஒண்ணும் செய்யாது" என்று இழுப்பதில்லை. நேற்றுவரை "ஏல" என்று கூப்பிட்டவர்கள் "சாமி" என்கிறார்கள். மாலையைக் கழற்றியதும் இவை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. குழு கலைந்துவிடும். சாயங்காலம் மட்டும் அப்படியே வரும். அந்த முதல் சாயங்காலத்தில்தான் பாதிப் பேர் திரும்பக் கடைக்குப் போகிறார்கள் என்பதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

ஏ.ஏ. கூட்டம் செய்வது, விரத காலத்தில் கிடைக்கிற துணையை வருஷம் முழுக்கக் கொடுப்பது. ஆனால் அதில் 48 நாள் என்ற கணக்கு கிடையாது. அவர்கள் சொல்வது "இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன்" என்பதுதான். பல வருஷம் குடிக்காமல் இருந்தவரும் அதையேதான் சொல்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பல வருஷம் தினமும் குடித்தவர் மாலை போட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள். இதைச் சாமி குற்றம் என்றும் பேய்க் கோளாறு என்றும் சொல்லி வீட்டிலேயே வைத்திருந்தால் உயிர் போகும். இது உடம்பின் கோளாறு, இதற்கு மருந்து உண்டு. தையமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும் கொடுத்து நான்கைந்து நாளில் இதைக் கடக்கவைக்கிறார்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. உங்கள் கூட்டத்துக்கு ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்தால் முதலில் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேச்செல்லாம் பிறகு.

சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கலாம் என்று சொல்லி விற்கிற பொடிகளையும் யாரும் வாங்க விடாதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மருந்தை, அதைத் தின்பவருக்கே தெரியாமல் கொடுத்து, அவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே மோசமாகும். மருத்துவர் பார்வையில், சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு சாப்பிட வேண்டிய மருந்து அது. அடைத்துப் போட்டு அடிக்கிற மையங்களைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி போதை மீட்பு மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைப் பார்க்காமல் யாரையும் கொண்டுபோய் விடாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு இதையெல்லாம் யார் சொல்வது? அந்தப் பாதையில் நடந்து வந்த நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள்.

உங்களில் சிலர் நினைப்பீர்கள், நானே ஏதோ தப்பிப் பிழைத்திருக்கிறேன், எனக்கு எதுக்கு இந்த வேலை என்று. இந்த இயக்கம் எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். 1935 மே மாதம் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊருக்கு பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் ஒரு வியாபார விஷயமாக வந்தார். குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் கைகூடவில்லை. விடுதியின் முன்கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மது விடுதி, உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. உள்ளே போனால் செத்தேன் என்று அவருக்குத் தெரிந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குடிகாரனோடு பேச வேண்டும் என்று தோன்றியது. தேவாலயங்களின் எண்களை அழைத்து, "உங்கள் ஊரில் குடியிலிருந்து மீள முடியாமல் தவிக்கிற யாராவது இருக்கிறார்களா?" என்று விசாரித்தார்.

அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பதினைந்து நிமிஷம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்தவர், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ராத்திரி பதினொரு மணி தாண்டிப் பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் ஒருமுறை அவர் சறுக்கினார். மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டுத் திரும்பினார். அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அது இரண்டே பேர். இன்று ஏறக்குறைய 180 நாடுகளில் இருபது லட்சம் பேருக்கு மேல் இருப்பதாக அவர்கள் கணக்கு. இந்தியாவுக்கு 1950களிலேயே வந்துவிட்டது.

இந்தக் கதையில் என் மனதில் தைத்த இடம் வேறு. அக்ரனுக்கு வருவதற்கு முன்பு பில் நியூயார்க்கில் எத்தனையோ குடிகாரர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து பேசிப் பார்த்தார். ஒருவர் கூட விடவில்லை. அவர் சோர்ந்துபோனபோது மனைவி லோயிஸ் சொன்னதன் சாரம் இது: அவர்கள் விட்டார்களோ இல்லையோ, இத்தனை மாதமும் நீங்கள் குடிக்கவில்லையே. அண்ணன்மார்களே, நீங்கள் திறக்கப்போகும் அறைக்கு முதல் வாரம் யாரும் வராமல் போகலாம். மூன்றாம் வாரம் வந்தவர் நான்காம் வாரம் குடித்துவிட்டு வரலாம். அப்போதும் அந்த அறை உங்கள் இருவரையும் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கும். தனியாக விட்டவர்கள், பத்து வருஷம் விட்டவர்கள் கூட, ஒரு சாவு வீட்டிலோ ஒரு பெரிய நஷ்டத்திலோ திரும்ப விழுவதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். அந்தப் பயம் உங்களுக்குள்ளும் இருக்கும், வெளியே சொல்ல மாட்டீர்கள். சொல்வதற்கு ஓர் இடம் உங்களுக்கும் வேண்டும்.

வெட்கம் இருக்கும். அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் பழைய கதையைக் கிளற யாருக்கு மனம் வரும்? பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதை இந்த இயக்கம் தன் பெயரிலேயே வைத்திருப்பது இதற்காகத்தான். அறையில் கேட்டதை அறையிலேயே விட்டுவிட வேண்டும், உறுப்பினர் யாரென்று பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ வரக் கூடாது என்பது மரபு. சின்ன ஊரில் இது கடினம் என்பதும் தெரியும். யார் எந்தக் கட்டடத்துக்குள் போகிறார்கள் என்று எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: தம்பி தெருவில் விழுந்து கிடந்தபோது தூக்கி வந்ததை ஊர் பார்த்தது. பாண்டம் பாத்திரம் அடகுக் கடைக்குப் போனதை ஊர் பார்த்தது. அவன் குடிக்காமல் ஓர் அறைக்குள் போவதைப் பார்த்தால் பார்க்கட்டும்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2020ல் காக்ரன் நிறுவனம், மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்ப்பதில் உலகம் மதிக்கிற நிறுவனம், 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியவற்றை, சேர்த்துப் பார்த்தது. பன்னிரண்டு படி வழியில் ஏ.ஏ. கூட்டங்களோடு முறையாக இணைக்கப்பட்டவர்களில் ஒரு வருஷத்துக்குப் பிறகும் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 100க்கு 42 பேர். மற்ற மனநலச் சிகிச்சை முறைகளில் 35 பேர். 42 என்றால் எல்லோரும் இல்லை. மீதிப் பேருக்கு இது கைகொடுக்கவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காசு செலவில்லாத ஒரு முறை, படித்தவர்கள் நடத்தும் சிகிச்சைகளுக்குச் சமமாகவும் ஒருபடி மேலாகவும் நிற்கிறது என்றால் அது சாதாரணம் இல்லை.

இன்னொரு கணக்கு வயிற்றைக் கலக்குகிறது. நடுவண் அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் மதுவினால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிப் பேர் என்றது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறதாம். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுகிறவர் 180க்கு ஒருவர். நம் ஊரிலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில், கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிநோய்க்கென்று தனி மருத்துவமனை நாட்டில் அரிதாக இருந்த காலம். சென்னைக்கு வர முடியாத ஏழைகளை நினைத்து, 1989லிருந்து தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடியில் கிராம முகாம்கள் நடத்தினார்கள். மருத்துவர்களும் ஆலோசகர்களும் கிராமத்துக்குப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் இடமும் ஒத்தாசையும் கொடுத்தார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். மஞ்சக்குடியால் முடிந்தது ஆறுமுகநேரியால் முடியாதா? புன்னைக்காயலில் பதினாறாம் நூற்றாண்டிலேயே என்றிக்கே பாதிரியார் நோயாளிகளுக்கு மருத்துவமனை வைத்த கரை இது.

எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். குடியை விட நினைக்கிற இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே அது ஒரு குழு, யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை என்பது ஏ.ஏ.வின் வழக்கம். முதலில் நகரத்தில் நடக்கிற ஒரு கூட்டத்துக்குச் சில தடவை போய் வாருங்கள்; எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும், அங்கிருந்து ஒருவர் வந்து உங்களோடு தொடக்கத்தில் உட்காரவும் செய்வார். தமிழில் புத்தகங்கள் கிடைக்கின்றன. அறை, எந்தச் சாமிக்கும் கட்சிக்கும் சாதிக்கும் உரியதாக இல்லாமல் இருந்தால் நல்லது. பள்ளிக்கூடத்து அறையோ, நூலகமோ, தொழிற்சங்கக் கட்டடமோ பாருங்கள். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அருகருகே உள்ள வட்டாரம் நம்முடையது. முருகனைக் கும்பிடுகிறவரும் மாதாவிடம் வேண்டுகிறவரும் தொழுகிறவரும் எந்தச் சாமியும் இல்லை என்பவரும் தயங்காமல் வந்து உட்கார வேண்டும்.

நாள், ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குத் தோன்றுகிறது. கடலோர ஊர்களில் அன்று கடலுக்குப் போவதில்லை. கையில் வாரக் கூலி இருக்கும். அதனால் அந்தச் சாயங்காலம்தான் நம் வீடுகளுக்கு மோசமான சாயங்காலம். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிட்டால் அளத்துக்காரரும் தூங்கி எழலாம். இரவு ஷிஃப்ட்காரருக்கு வசதிப்படாது. ஆள் சேர்ந்த பிறகு நடுவாரத்தில் காலையில் ஒரு கூட்டம் வைக்கலாம். உடன்குடிக் கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பி கொடுங்கள், அதை வீட்டில் போட்டு அனுப்ப நாங்கள் இருக்கிறோம்.

எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிக்கிறவர் வீட்டாருக்கென்று லோயிஸ் வில்சன் 1951ல் அல்அனான் என்ற தனிக் கூட்டத்தைத் தொடங்கினார். உங்கள் அறை திறந்தால், பக்கத்து அறையில் நாங்கள் உட்காருவோம். பாட்டிலைத் தேடிக் கீழே ஊற்றுவதும், கடன்காரனிடம் பொய் சொல்வதும், பிள்ளைகளை அடக்கி வைப்பதுமாக எங்கள் உடம்பும் மனதும் போனது யாருக்குத் தெரியும்? குடிக்கிற பெண்களும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு பெண் வந்து வாசலில் நின்றால் அவளை மரியாதையாக உள்ளே அழைக்க வேண்டும். அவளோடு உட்கார எங்களில் ஒருத்தியை அன்றே கூப்பிடுங்கள்.

கூட்டம் தொடங்குகிற வரைக்கும் காத்திருக்க முடியாதவர்களுக்கு இரண்டு எண்களை எழுதி வைக்கிறேன். நடுவண் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கூப்பிட்டுப் பேசுவதற்கு முகம் காட்ட வேண்டியதும் இல்லை.

என் தம்பி இன்றைக்குக் குடிக்கவில்லை. நாளைக்கு என்ன என்பதை நான் இப்போது யோசிப்பதில்லை. அவன் பெயர் தெரிந்துவிடும் என்பதால் என் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவன் ஒரு நாற்காலியில் உட்காரத் தயாராக இருக்கிறான், அவனுக்கு இன்னொருவர் வேண்டும்.

ஐப்பசியில் மழை இறங்கினால் அளம் மூடிவிடும். மூன்று மாதம் வேலையில்லாமல், கையில் கடன் பணத்தோடு, நம் ஆட்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அதிகம் குடிக்கிற காலம் அதுதான். அதற்கு முன்னால் உங்களில் ஒருவர் இன்னொருவரைத் தேடிப் போங்கள். அவர் விட்டவர் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் விட்டவர் என்பது அவருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு, ஓர் அறையின் சாவியை வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரிகளில் ஒருத்தி,
ஆறுமுகநேரி